கடல்நீரிற் கனல் தேடிய ஹோமி பாபா

இராமநாதபுரக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் தருவன இன்னவையென்று பிறர் சொல்ல வேண்டுவதில்லை. மீனும் சங்கும் அது தரும். வாலிநோக்கத்து உப்பளங்களிற் பாத்தி கட்டி நிறுத்திய நீர் வெயிலில் வற்றி உப்பாய் உறைவதைச் சிறு பருவமுதற் கண்டிருக்கின்றோம். அக்கடல்நீரே ஒருநாள் உலகத்து விளக்குகளுக்கெல்லாம் எண்ணெயாகும் என்று 1955-ஆம் ஆண்டில் 73 நாட்டுப் பிரதிநிதிகள் கூடிய பேரவையில் ஓர் இந்தியர் மொழிந்தார். மொழிந்ததோடு நில்லாமற் காலவரையறையும் செய்தார். அவர் குறித்த ஆண்டு வந்து கழிந்து அரை நூற்றாண்டாயிற்று. விளக்கு இன்னும் எரியவில்லை. அவர் கணக்கு எங்ஙனம் தவறிற்று என்பதை அறிய விரும்பியே அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள் பம்பாயில், செல்வமும் கல்வியும் மிக்க பார்சிக் குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் வழக்கறிஞர், அத்தையார் மெஹர்பாய், டாட்டா குடும்பத்துச் சர் தோராப்ஜியின் மனைவியார். பிள்ளை கேம்பிரிட்ஜில் இயந்திரப் பொறியியல் கற்று ஜாம்ஷெட்பூர் இரும்பாலைக்கு வந்து சேரவேண்டும் என்பது பெரியோர் கருத்து. 1927-இற் சீமை சென்ற பிள்ளையின் மனமோ பௌதிகத்தின்பாற் சென்றது. தந்தையார்க்குக் கடிதம் எழுதி வேண்டினார். பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் பின்னர் விரும்பியதைப் பயிலலாம் என்று தந்தையார் இசைய, மகனும் 1930-இல் அவ்வாறே தேறிக் காட்டினார். வீட்டார் விரும்பிய பாடத்தை எடுத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் தோழர் சிலர் இவ்விடத்தை இருமுறை வாசிக்கக்கூடும்.

அதன்பின் அவர் ஓங்கியது விரைவிலேயாம். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்திற் புகுந்து பொழிவாகப் பெருகும் வகையை ஹைட்லர் என்பாருடன் சேர்ந்து 1937-இல் விளக்கினார். 1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், சர் சி. வி. இராமன் தலைமையில் அமர்ந்து பணி செய்தார். 1945-இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தார். 1948-இல் அமைந்த அணுசக்திக் கமிஷனுக்கு அவரே தலைவர். அதன் மற்றை உறுப்பினர் இருவருள் ஒருவர் கே. எஸ். கிருஷ்ணன், பிற்காலத்தில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் இதனைச் சொல்லாது போதல் இயலாது.

1955 ஆகஸ்டில் ஜெனீவா நகரிற் கூடியது ஐக்கிய நாடுகளின் அணுசக்திப் பேரவை. தலைமை பாபாவுடையது. அக்காலத்தில் அணுவை உடைத்துச் சக்தி பெறும் உலைகளைப் பற்றியே யாவரும் பேசினர். அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைத்துச் சக்தி பெறுதல் வேறு. அது கதிரவன் செய்யும் தொழில். மண்ணுலகில் மனிதர் அதனைக் குண்டாக மட்டுமே செய்திருந்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேதான் பசிபிக் கடலில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றில் 23 பேர்மீது படிந்து, அவருள் ஒருவர் மாண்டார். நம் கரையிலும் மீன்பிடித்து வாழ்வோர் உளராதலின் அச்செய்தியை நம்மாற் கடந்துபோக முடியவில்லை.

இந்நிலையில் எழுந்த பாபா, வறிய நாட்டினரும் மேனாட்டாரைப் போல எரிபொருள் செலவிடத் தொடங்கினால் நிலக்கரியும் எண்ணெயும் நெடுங்காலம் நில்லா என்று கணக்கிட்டுக் காட்டினார். பின்னர், இணைவுச் சக்தியைக் கட்டுக்குள் வைத்துப் பெறும் வழி இருபது ஆண்டுகளுக்குள் காணப்படும் என்றும், அதற்கு எரிபொருள் கடலிலுள்ள கன ஹைட்ரஜனே என்றும் கூறினார். கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 33 கிராம் டியூட்டீரியம் உண்டு. நிலக்கரி சில நாட்டிற்கே உரியது. எண்ணெய் இன்னும் சில நாட்டிற்கே உரியது. கடலோ பாம்பனுக்கும் பொது, பாரசீகத்திற்கும் பொது. புதிதாய் விடுதலை பெற்ற நாட்டினர் ஒருவர் வாயிலிருந்து இது பிறந்தது இயல்பே. அப்பேரவையை ஒட்டியே அமெரிக்காவும் பிரிட்டனும் தாம் மறைவாக அம்முயற்சியிலிருப்பதை ஒப்புக்கொண்டன. 1958-இல் இரண்டாம் ஜெனீவாப் பேரவையில் மறைவு முற்றும் நீங்கியது.

எனினும் கணக்கு ஏன் பொய்த்தது? டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைதற்குப் பத்துக் கோடி டிகிரிக்கு மேற்பட்ட வெம்மை வேண்டும். அவ்வெம்மையில் பொருள் பிளாஸ்மா என்னும் நிலையை அடையும்; அதனைத் தாங்கும் பாண்டம் உலகில் இல்லை. காந்தத்தால் வேலி கட்டி நிறுத்துகின்றனர். அது வலையில் நீரை அள்ளுவதையொக்கும். நெளிந்து, கசிந்து, எவ்வழியேனும் தப்பும். 1968-இல் இரஷ்யர் தம் டோகமாக் என்னும் வளைய இயந்திரத்தாற் பெற்ற பயனை வெளியிட்ட பின்னரே நல்வழி தென்பட்டது. அதற்குள் பாபா காலமாகிவிட்டார்.

பாபா கடலைப் பற்றிப் பேசினாரேயன்றி, நாட்டின் பொருளைப் பெரும்பாலும் அணுப்பிளவு உலைகளிலேயே செலவிட்டார். 1956-இல் அப்சரா உலை இயங்கியது. மணவாளக்குறிச்சி மணலிலுள்ள தோரியத்தைப் பயன்படுத்தும் மூன்று படித் திட்டமும் அவர் வகுத்ததே. கனவு வேறு, கைம்முதல் வேறு என்று அவர் அறிந்திருந்தார் என்றே நாம் கருதுகின்றோம். அவர் தலைமையிலிருந்த அணுசக்தி இலாகாவே 1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவை அமைத்தது. அக்குழுவின் தும்பா நிலையத்திற் சேர்ந்த இளம் பொறியியலாளருள் இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர்.

1966 ஜனவரி 24-ஆம் நாள் வியன்னா நோக்கிப் புறப்பட்ட பாபா ஏறிய விமானம், ஜெனீவாவில் இறங்கும் தறுவாயில் மான் பிளாங்க் சிகரத்தில் மோதிற்று. 117 பேரும் இறந்தனர். அவருக்கு வயது 56.

அவர் தவணை 1975-இல் முடிந்தது. அதன்பின் நடந்தவை சிறியனவல்ல. இங்கிலாந்தின் ஜெட் இயந்திரம் 2023-இல் 69 மெகாஜூல் சக்தியை ஈன்றது. கலிபோர்னியாவில் 2022 டிசம்பர் 5-ஆம் நாள், 2.05 மெகாஜூல் லேசர் ஒளி செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றனர். ஆனால் அவ்வொளியை உண்டாக்கவே ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று. இதனை மறந்து ஆர்ப்பரித்தல் தகாது. டியூட்டீரியத்தைக் கடல் தரும், டிரிட்டியத்தைத் தாராது. லித்தியத்திலிருந்து அதனை உலையே ஆக்கிக்கொள்ள வேண்டும். 12 ஆண்டிற் பாதியாய்க் குறையும் அப்பொருளைத் தன் தேவைக்குத் தானே விளைத்துக்கொண்ட உலை இன்னும் இல்லை. வெளிப்படும் நியூட்ரான்கள் உலையின் சுவரைத் தாக்கி நாளடைவில் நொய்யதாக்கும். அதனை நெடுங்காலம் தாங்கும் உலோகமும் தேடப்படுகின்றது.

நம் நாட்டில் காந்திநகரை அடுத்த பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் 1989-இல் ஆதித்யா என்னும் டோகமாக் இயங்கத் தொடங்கியது. பிரான்சின் தென்பகுதியில் கதராஷ் என்னுமிடத்திற் பல நாடுகள் கூடி அமைக்கும் ஐட்டர் என்னும் பேரியந்திரத்தில் இந்தியாவும் பங்காளி. 2024-இல் வெளியான திட்டப்படி அங்கு ஆராய்ச்சி தொடங்குவது 2034-இல். டிரிட்டியம் இடுவது 2039-இல். அதனைச் சூழ்ந்து நிற்கும் முப்பது மீட்டர் அளவான எஃகுக் கலத்தின் பகுதிகள் குஜராத்தின் ஹசீராவிற் செய்யப்பட்டு, அரபிக் கடல் வழியே கப்பலேறின. அதன் 1,250 டன் அடித்தளத்தை 2020 மே மாதத்திற் குழிக்குள் இறக்கி அமர்த்தினர்.