பூசணத்தை வளர்த்த பாலிடெக்னிக் மாணவர்



ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்தால் என்ன செய்வோம்? அப்படியே வெளியே கொட்டிவிடுவோம். கொட்டாமல் உட்கார்ந்து பார்த்து, வருஷக்கணக்கில் அதை வளர்த்த ஒருவர் உண்டு. அவர்தான் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்.

1881 ஆகஸ்டு 6-ல் ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதில் அப்பா இறந்துபோனார். பதின்மூன்று வயதில் லண்டனில் இருந்த அண்ணனிடம் வந்து, ரீஜென்ட் தெரு பாலிடெக்னிக்கில் படித்தார். ஆமாம் நண்பர்களே, அவரும் பாலிடெக்னிக் மாணவர்தான்! பிறகு நான்கு வருஷம் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சொத்தில் 250 பவுண்டு பங்காக வந்தது. அந்தப் பணத்தைப் படிப்பில் போட்டு, 1901-ல் செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். என் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் இந்த இடம் என் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது.

முதல் உலகப் போரில் பிரான்சில் பணிபுரிந்தபோது, காயம் சீழ்பிடித்துச் சிப்பாய்கள் சாவதைக் கண்ணால் பார்த்தார். கிருமியைக் கொல்லும், உடம்பைக் கெடுக்காத மருந்து வேண்டுமென்று தேட ஆரம்பித்தார்.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து லேபுக்குத் திரும்பினார். மேசையில் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகள் இருந்தன. அவற்றில் இருப்பது அகார். கடையில் சைனா கிராஸ் என்று விற்கிறார்களே, அதேதான். சத்துநீரோடு சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டால் கட்டியாகிவிடும். ஒரு தட்டில் எங்கிருந்தோ வந்து பூசணம் விழுந்திருந்தது. அதைச் சுற்றிலும் கிருமிகள் கரைந்து போயிருந்தன!

அவர் அதில் துளி எடுத்துப் புதுச் சத்துநீரில் வளர்த்தார். முதலில் பஞ்சு மாதிரி வெள்ளை, சில நாளில் கரும்பச்சை, அடியில் உள்ள நீர் மஞ்சள். அந்த நீரை 800 மடங்கு நீர்க்கச் செய்தும் கிருமி வளரவில்லை. ஆனால் மருந்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. 1929-ல் வெளியிட்ட கட்டுரையையும் அதிகம் பேர் கவனிக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் தட்டைக் கழுவி வைத்திருப்பார். ஃபிளெமிங் அந்தப் பூசணத்தைச் சாகவிடாமல் புதுப்புது ஊடகத்துக்கு மாற்றி மாற்றி வளர்த்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அப்படிப் போன ஒன்றுதான் ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின் ஆகியோர் கைக்குக் கிடைத்தது. அங்கே ஹீட்லி என்பவர் ஆஸ்பத்திரி பெட்பேனில்கூட அதை வளர்த்தார்! 1940 மே 25-ல் எட்டு எலிகளுக்குக் கிருமியை ஏற்றினார்கள். மருந்து பெற்ற நான்கு பிழைத்தன, மற்ற நான்கும் செத்தன. 1945-ல் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடும் என்று அப்போதே எச்சரித்தார். இன்று டாக்டர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். 1955 மார்ச் 11-ல் காலமானார்.

நண்பர்களே! லேபில் ரீடிங் மாறி வந்தால் பக்கத்து ஆளின் ரெக்கார்டைப் பார்த்து எழுதத் தோன்றும். ஒரு நிமிஷம் பொறுங்கள். ஏன் மாறியது என்று பாருங்கள். கழுவிக் கொட்டும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்!

— இரண்டாம் ஆண்டு, வேதிப் பொறியியல்