கல்லில் கடல் கண்டவர்

நுழையும்முன்

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் மழைநீர் அரித்த ஓடைக்கரைகளில் சிப்பிகளும் சுருள்வடிவக் கற்களும் வெளிப்படுவதுண்டு. கடற்கரைக்குத் தொலைவிலுள்ள நிலத்தில் கடலுயிர்களின் தடயம் இருப்பது எப்படி? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலின் உயிர்களை இனம்பிரித்து, உலகம் அறியச் செய்த அறிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1838ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் மொராவியாவில் பிறந்தார். அப்பகுதி இன்று செக் நாட்டில் உள்ளது. காட்டுக் காவலரின் மகனான அவருக்கு இயற்கையே முதல் பள்ளியாயிற்று. வியன்னாவில் எட்வர்டு சூஸ் முதலிய அறிஞர்களிடம் நிலவியலும் தொல்லுயிரியலும் பயின்றார். 1861இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைவர் தாமஸ் ஓல்டுஹாம் தந்த பணியை ஏற்றுக் கொல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

காத்திருந்த கற்கள்

தென்னிந்தியப் புதைபடிவங்கள் அதற்கு முன்னரே அறிஞர்களை ஈர்த்திருந்தன. சென்னை மாகாண ஆட்சிப்பணியினரான கேய், கன்லிஃப் ஆகியோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டியவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846இல் விளக்கி எழுதினார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு அப்பகுதிப் பாறைகளை முறையாக ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். புதைபடிவங்கள் சிலவற்றைப் பற்றி எழுதவும் தொடங்கினார். அவர் துறையைவிட்டு விலகியதால் பணி இடையில் நின்றது. பெயரும் வகையும் அறியப்படாமல் குவிந்துகிடந்த படிவங்களை ஆராயும் பொறுப்பு ஸ்டோலிச்காவிடம் வந்தது.

அம்மோனைட் காட்டிய காலம்

அவர் முதலில் எடுத்துக்கொண்டவை அம்மோனைட்டுகள். கணவாய் மீனின் உறவினமான இக்கடலுயிர், சுருண்ட ஓட்டின் வாயருகே உள்ள அறையில் வாழ்ந்தது. வளர வளரப் புதிய அறையைக் கட்டிப் பழைய அறையைச் சுவரால் அடைத்தது. அச்சுவர் ஓட்டோடு இணையும் கோடு, இலைவிளிம்பைப் போல நுண்ணிய வளைவுகளைக் கொண்டது. அவ்வளைவுகளும் ஓட்டின் வடிவமும் மேற்புற வரிகளும் இனத்திற்கு இனம் வேறுபடும். சாளக்கிராமம் என்று போற்றப்படும் கண்டகி ஆற்றுக் கற்களுள் பலவும் இத்தகைய அம்மோனைட் படிவங்களே.

அம்மோனைட்டுகள் கடல்தோறும் பரவி வாழ்ந்தன. ஒவ்வோர் இனமும் குறுகிய காலமே நிலைத்து மறைந்தது. ஆதலால், ஓர் இனம் ஐரோப்பியப் பாறையிலும் திருச்சிராப்பள்ளிப் பாறையிலும் கிடைத்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை எனக் கொள்ளலாம். ஸ்டோலிச்கா ஒவ்வொரு படிவத்தையும் அளந்து, வரைவித்து, பிறநாட்டுப் படிவங்களோடு ஒப்பிட்டார். 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கிரெட்டேசியஸ் காலத்தின் வரலாற்றில் தமிழ்நிலத்துப் பாறைகளுக்குரிய இடம் இவ்வாறு தெளிவுபெற்றது.

அம்மோனைட்டுகளைத் தொடர்ந்து நத்தையினங்கள், இருபுறச் சிப்பிகள், கடல் முள்ளெலிகள், பவளங்கள் என அவரது ஆய்வு விரிந்தது. தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றிய நூல் நான்கு தொகுதிகளாக வளர்ந்து, 1873இல் நிறைவெய்தியது. இதனிடையே ஸ்பிதி பள்ளத்தாக்கின் பாறைகளை ஆராய்ந்தார். கட்ச் பகுதியிலும் பயணம் செய்தார். பறவைகளைப் பற்றியும் எழுதினார்.

பனிமலைப் பயணம்

பெருநூல் முடிந்த அதே ஆண்டில், ஃபார்சைத் தலைமையில் யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவில் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். லடாக் வழியாகக் காரகோரம் மலைகளைக் கடந்து, வழியெங்கும் பாறைகளையும் உயிரினங்களையும் குறித்துக்கொண்டார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபோது கடும் தலைவலி தாக்கியது. உயர்மலையின் மெல்லிய காற்று உடலை வருத்திய நிலையிலும் பாறைகளைக் காணும் ஆர்வம் குன்றவில்லை. 1874ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில் உயிர்நீத்தார். முப்பத்தாறாம் அகவை நிறைந்து பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன. அவரது உடல் லே நகரில் அடக்கம் செய்யப்பட்டது; அங்கே நினைவுச்சின்னம் ஒன்றும் எழுப்பப்பட்டது.

நிலைத்த பெயர்

அக்கால வழக்கப்படி, பல்வேறு இனங்களை அம்மோனைட் என்னும் ஒரே பேரினத்துள் ஸ்டோலிச்கா அடக்கியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரான்ஸ் காஸ்மாட் என்னும் அறிஞர் அவற்றை மறுஆய்வு செய்து, புதிய பேரினங்களாகப் பகுத்தார். முன்னவரின் விளக்கங்களும் படங்களும் துல்லியமாக இருந்ததனாலேயே பின்னவரால் அவற்றைத் திருத்த முடிந்தது. அறிவியல் இவ்வாறே வளர்கிறது.

ஸ்டோலிச்கா மறைந்த மறு ஆண்டே, அம்மோனைட் பேரினம் ஒன்றுக்கு நியூமேயர் என்னும் அறிஞர் ஸ்டோலிச்காயா எனப் பெயரிட்டார். அப்பேரினத்தின் படிவங்கள் ஊட்டத்தூர்த் தொகுதிப் பாறைகளிலும் கிடைக்கின்றன. அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகி, வீடுகளாகவும் பாலங்களாகவும் உயர்ந்து நிற்கிறது. வெட்டியெடுத்த பாறை மீண்டும் உருவாகாது. அதில் உறைந்திருந்த உயிர்களின் வரலாறோ அவரது ஏடுகளில் நிலைத்திருக்கிறது. காலடியில் கிடக்கும் சிறு கல்லையும் உற்றுநோக்கும் கண்களுக்கு அவ்வரலாற்றின் அடுத்த பக்கங்கள் காத்திருக்கின்றன.