சாசனச் செல்வர் பூரண்சந்த் நாஹர்

வங்காளத்தில் பாகீரதி நதியின் மேற்குக் கரையில் அஜீம்கஞ்ச் என்னும் ஊர் உள்ளது. முர்ஷிதாபாத் நகரம் செழித்திருந்த 18ஆம் நூற்றாண்டில், ராஜஸ்தானத்து ஓசவால் குலச் சமணர் பலர் வாணிகத்தின் பொருட்டு அங்கும் எதிர்க்கரையிலுள்ள ஜியாகஞ்சிலும் குடியேறி ஜினாலயங்களை எழுப்பினர். அம்மரபில், ராய்பகதூர் சிதாப்சந்த் நாஹரின் திருமகனாராக 1875இல் தோன்றியவர் பூரண்சந்த் நாஹர். கல்கத்தாவில் உயர்கல்வி பெற்றுச் சட்டமும் பயின்றார்.

செல்வக் குடியில் பிறந்த அவரை ஆட்கொண்டவை, பிறர் பொருட்படுத்தாத சிறு எழுத்துகளே. ஆலயங்களில் வழிபடப்பெறும் உலோகப் படிமங்களின் பின்புறத்திலும் பீடத்திலும், பிரதிஷ்டை நிகழ்ந்த ஆண்டும் திதியும், செய்வித்த சிராவகரின் குலமும் கோத்திரமும், மனைவி மக்கள் பெயரும், முன்னின்ற ஆசாரியரின் பெயரும் கச்சமும் பொறிக்கப்பட்டிருக்கும். அரசர் புகழைக் கற்பாறைகள் காத்தன. ஓர் எளிய வணிகரும் அவர்தம் இல்லாளும் வாழ்ந்தமைக்கோ பெரும்பாலும் இவ்விரண்டு வரிகளே சான்று. நாள்தோறும் அபிஷேகத்தாலும் துலக்குதலாலும் அவ்வெழுத்துகள் தேய்ந்து வந்தன. நம் ஆலயங்களிலும் இது நிகழ்வதை நாம் அறிவோம்.

நாஹர் ஊர்தோறும் ஆலயந்தோறும் இவற்றைத் திரட்டி, 'ஜைன லேக சங்கிரஹம்' என்னும் தொகுப்பை மூன்று பகுதிகளாகக் கல்கத்தாவில் வெளியிட்டார். முதற்பகுதி 1918இலும், இரண்டாவது 1927இலும், ஜெய்சல்மேர் சாசனங்களுக்கென்றே அமைந்த மூன்றாவது 1929இலும் வந்தன. மூன்றிலுமாக 2500க்கு மேற்பட்ட சாசனங்கள் உள்ளன. இடப்பெயர், கோத்திரம், கச்சம், ஆசாரியர் ஆகியவற்றுக்கு அகரநிரலும் சேர்த்தார். எம் கருத்தில் தொகுப்பினும் அரிய தொண்டு இந்நிரலே; சிதறிக் கிடந்த பெயர்கள் அதனாலன்றோ குடிவரலாறாயின!

பகவான் மகாவீரரின் திருவடி பட்ட ராஜகிருகத்தின்பால் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. அங்குள்ள விபுலகிரியில் பார்சுவநாதர் ஆலயம் எழுந்ததைக் கூறும், விக்ரம ஆண்டு 1412ஐச் (கி.பி. 1355) சேர்ந்த சாசனத்தை ஆய்ந்து வெளியிட்டார். அது பிரோஸ் ஷா துக்ளக் காலத்தது. சுல்தான்கள் ஆட்சியிலும் மகத நாட்டில் சமணம் தழைத்திருந்தமைக்கு அச்சாசனம் சான்றாகிறது.

கிருஷ்ணசந்திர கோஷ் என்பாருடன் இணைந்து சமண தத்துவத்தைச் சுருக்கியுரைக்கும் ஆங்கில நூலொன்றை 1917இல் வெளியிட்டார். அன்னையார் குலாப் குமாரியின் பெயரால் கல்கத்தாவில் நூலகம் நிறுவி, ஏடுகளையும் நூல்களையும் கலைப்பொருள்களையும் சேர்த்து வைத்தார். பொருளைச் சேர்ப்போர் பலர். அதனை அறிஞர் கையாளத் திறந்து வைப்போர் சிலரே.

அன்னார் 1936இல் மறைந்தார். அவர்தம் மைந்தர் விஜய்சிங் நாஹர் 1971இல் மேற்கு வங்கத்தின் துணை முதலமைச்சராக விளங்கினார். ஓசவால் கோத்திரங்களையும் கச்சங்களையும் ஆராய்வோர் தந்தையார் தொகுத்த அம்மூன்று பகுதிகளையே இன்றும் நாடுகின்றனர்.