தகரப் புனலில் சிக்கிய அலை

ஜகதீஷ் சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றபின், 1885-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கிலேயரைவிடக் குறைந்த சம்பளம் வழங்கப்பட்டதால், மூன்றாண்டுகள் சம்பளம் பெறாமலே கற்பித்தார்.

நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. உள்ளூர்த் தகரக் கொல்லரைக் கொண்டு கருவிகளைச் செய்வித்தார். 1895-இல் கம்பியின்றியே சுவருக்கு அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அலைநீளம் குறைந்தால் அலைவாங்கியும் சிறிதாகும். எனவே, மில்லிமீட்டர் அளவிலான அலைகளை உருவாக்கி, அவற்றைப் பிடிக்கப் புனல் வடிவ அலைவாங்கியை அமைத்தார். இரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களிடையே வெள்ளீயத் தாளைச் செருகி, அதையும் ஆய்வுக் கருவியாக்கினார்.

கண்டுபிடிப்புகளால் பொருளீட்ட விரும்பாத போஸ் 1937-இல் மறைந்தார். இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் மாணவர் கையிலுள்ள திறன்பேசிக்குள் சின்னஞ்சிறு அலைவாங்கி அடங்கியிருக்கிறது. சிறிய கருவியே போதும் என்பதை அன்றே மலிவான பொருள்களால் காட்டியவர் அவர்.