நீராவி இன்ஜினில் பிறந்த டிஜிட்டல் ஃபில்டர் கணக்கு: யார் இந்த செபிஷேவ்?

போனில் பேசும்போது இரைச்சல் போகணும், குரல் மட்டும் கேட்கணும். இந்த வேலையைச் செய்வதுதான் டிஜிட்டல் ஃபில்டர். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரை முழுசாக உள்ளே விட்டு, அதைத் தாண்டியதை மொத்தமாகத் தடுத்துவிட்டால் போதும். கேட்க எளிதாக இருந்தாலும், அப்படியொரு கச்சிதமான ஃபில்டரைச் செய்யவே முடியாது. கொஞ்சம் பிழை இருந்தே தீரும். அதை எப்படிச் சமாளிப்பது? அதற்கான கணக்கு, கம்ப்யூட்டரே இல்லாத 1850-களில் ரஷ்யாவில் பிறந்தது.

பாஃப்னூட்டி செபிஷேவ் 1821-ல் கலூகா மாகாணத்தின் ஒகாடோவோ கிராமத்தில் பிறந்தார். அப்பா, நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ராணுவ அதிகாரி. மகனுக்கோ காலில் குறை. தடி ஊன்றித்தான் நடக்க முடியும். மற்ற பிள்ளைகளோடு ஓடியாட முடியவில்லை. ராணுவ வேலையும் கைகூடாது என்றானது. அவர் கணக்குப் பக்கம் திரும்பினார்.

16 வயதில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1840-ல் வந்த பஞ்சத்தில் குடும்பம் நொடித்தது; வீட்டிலிருந்து வந்த பணமும் நின்றது. படிப்பை மட்டும் அவர் விடவில்லை. 1847-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

1852-ல் ஐரோப்பா போனவர், அங்கே நீராவி இன்ஜின்களைத் தேடித்தேடிப் பார்த்தார். பிஸ்டன் தண்டு நேர்கோட்டில் நகர ஜேம்ஸ் வாட் அமைத்த இணைப்புத் தண்டுகள், கிட்டத்தட்ட நேர்கோட்டைத்தான் தந்தன. பிழை இருக்கட்டும், அதன் உச்ச அளவை எவ்வளவு குறைக்கலாம் என்று யோசித்தார் செபிஷேவ். பிழையை ஓரிடத்தில் குவியவிடாமல், ஒரே உயரமுள்ள சிற்றலைகளாக எல்லா இடத்துக்கும் பங்கிட வேண்டும். இந்த வழியில் பிறந்தவைதான் செபிஷேவ் பல்லுறுப்புக் கோவைகள். 1854-ல் இந்த ஆய்வு வெளியானது.

தடி ஊன்றி நடந்த அதே மனிதர், நான்கு கால்களால் அடியெடுத்து வைக்கும் இயந்திரம் ஒன்றையும் செய்தார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 1894-ல் அவர் காலமானார்.

1972-ல் அமெரிக்கப் பொறியாளர்களான பார்க்ஸ், மெக்லெலன் இருவரும் இதே கொள்கையை வைத்து டிஜிட்டல் ஃபில்டர் வடிவமைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்று மேட்லேப், பைத்தான் இரண்டிலும் ஒரே வரி கட்டளையில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. வரும் வரைபடத்தை உற்றுப் பார்த்தால், ஒரே உயரத்தில் ஏறி இறங்கும் சின்னச் சின்ன அலைகள் தெரியும். வடிவமைப்பு சொதப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எடுத்துக்கொண்ட அளவுக்குள் உச்சப் பிழையை இதற்கு மேல் குறைக்க முடியாது என்பதற்கான அடையாளம் அது.