தமிழுக்கு டைப்ரைட்டர் தந்த முத்தையா
247 எழுத்தை 46 விசைக்குள் அடக்கியவர்

1-11-1956.

குமரி மாவட்ட மக்கள் மறக்க முடியாத நாள் அது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் அன்றுதான் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

அந்த ஆண்டு இறுதியில், தமிழை ஆட்சி மொழி ஆக்கும் சட்டத்தைச் சென்னை மாநிலச் சட்டசபை நிறைவேற்றியது.

சட்டம் செய்துவிட்டால் போதுமா? கலெக்டர் ஆபீசில் இருந்து தாலுகா ஆபீசுக்குக் கடிதம் போகவேண்டும். அதற்கு நகல் வேண்டும். நகலுக்கும் நகல் வேண்டும். எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டு இருக்க முடியுமா? அலுவலகத்துக்குள் தமிழ் நுழைய வேண்டும் என்றால் அதற்கு ஒரு எந்திரம் வேண்டும்.

நல்ல வேளையாக, அந்த எந்திரம் ஏற்கனவே தயாராக இருந்தது. கடல் கடந்த நாட்டில் குமாஸ்தா வேலை பார்த்த ஒரு தமிழர், பல ஆண்டுகளுக்கு முன்பே அதை உருவாக்கி வைத்திருந்தார்.

அவர் பெயர் ஆர்.முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படுகிறவர்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை

முத்தையா இலங்கையில், யாழ்ப்பாணத்தை அடுத்த சுண்டிக்குழியில் 24-2-1886 அன்று பிறந்தார். தந்தை பெயர் ராமலிங்கம். இளம் வயதிலேயே முத்தையா தந்தையை இழந்தார்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படித்த இளைஞர்கள் பலர் மலேயாவுக்குப் போனார்கள். அங்கே ரெயில்வேயிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் ஆள் தேவைப்பட்டது.

1907-ம் ஆண்டு முத்தையாவும் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 21.

மலேயாவில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து, தலைமை எழுத்தராக உயர்ந்தார். 1930 வரை அந்த வேலையில் இருந்தார்.

அலுவலகம் என்றால் டைப்ரைட்டர் சத்தம் இல்லாமல் இருக்குமா? "டக், டக்" என்று இங்கிலீஷ் கடிதங்கள் அச்சுப்போல வந்து விழுந்தன. தமிழ்க் கடிதம் மட்டும் கையெழுத்தாகவே கிடந்தது.

இங்கிலீஷுக்கு இருக்கிற எந்திரம் தமிழுக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வி முத்தையாவைப் பற்றிக்கொண்டது.

26-ம் 247-ம்

டைப்ரைட்டர் அமெரிக்காவில் பிறந்தது. கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் அமைத்த எந்திரத்தை ரெமிங்டன் கம்பெனி 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்த கம்பெனி அது.

அது இங்கிலீஷுக்கு என்றே பிறந்த எந்திரம். இங்கிலீஷில் 26 எழுத்துக்கள்தான். முதலில் வந்த எந்திரத்தில் பெரிய எழுத்து மட்டுமே இருந்தது. 1878-ல் "ஷிப்ட்" முறை வந்தது. ஒரே விசையில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அடிக்க வழி பிறந்தது.

தமிழ் அப்படியா? உயிர் 12. மெய் 18. உயிர்மெய் 216. ஆய்தம் 1. மொத்தம் 247!

எந்திரத்தில் இருந்த விசைகளோ 46. ஒரு விசைக்கு இரண்டு என்று வைத்தாலும் 92-க்கு மேல் இடம் இல்லை. அதிலும் முற்றுப்புள்ளி, கேள்விக்குறி போன்றவற்றுக்கு இடம் விடவேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழிகள் உண்டு. எந்திரத்துக்காகத் தமிழை வெட்டிக் குறைப்பது ஒரு வழி. தமிழுக்காக எந்திரத்தை மாற்றுவது இன்னொரு வழி.

முத்தையா இரண்டாவது வழியில் போனார்.

பிரித்துப் பார்த்தார்

கா, சா, தா, மா... இவை எல்லாவற்றிலும் இருப்பது ஒரே கால்தான். கெ, செ, தெ, மெ... எல்லாவற்றுக்கும் ஒரே கொம்புதான். அப்படியானால் "கா" என்று தனியாக ஒரு அச்சு எதற்கு? "க" ஒரு விசை, கால் ஒரு விசை. இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் "கா" வந்துவிடும். அதே காலை "மா"வுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

"கொ" வேண்டுமா? முதலில் கொம்பு, நடுவில் "க", பிறகு கால். மூன்று தட்டில் முடிந்துவிடும்.

இப்படிப் பொதுவாக உள்ள குறிகளைத் தனித்தனியாகப் பிரித்தார். 247 எழுத்துக்களையும் 72 எழுத்துக்களுக்குள் அடக்கினார்.

நகராத விசை

ஆனால் "வி" எழுத வந்தபோது ஒரு முட்டுக்கட்டை.

காலும் கொம்பும் எழுத்தின் பக்கத்தில் நிற்பவை. "வி"யில் உள்ள விசிறி அப்படி அல்ல. அது "வ"வின் தலைமேல் ஏறி உட்காருகிறது.

டைப்ரைட்டரில் ஒரு விசையைத் தட்டினால் எழுத்து விழும். உடனே, காகிதம் சுற்றிய உருளை ஒரு எழுத்து அளவு நகர்ந்துவிடும். "வ"வைத் தட்டிவிட்டு விசிறியைத் தட்டினால், விசிறி "வ"வின் மேல் விழாது. பக்கத்தில் தனியாகப் போய் விழும்!

முத்தையா இதற்கு ஒரு உபாயம் கண்டார். தட்டினால் குறி விழும். ஆனால் உருளை நகராது. அப்படி ஒரு விசையை அமைத்தார். முதலில் விசிறியைத் தட்டவேண்டும். உருளை நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு "வ"வைத் தட்டவேண்டும். அது விசிறியின் அடியில் சரியாகப் போய்ப் பொருந்தும். "வி" தயார்!

இதற்குத்தான் "நகரா விசை" என்று பெயர்.

கண்ணா, விரலா?

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு.

கையால் எழுதும்போது முதலில் "வ", பிறகு விசிறி. எந்திரத்திலோ தலைகீழ். முதலில் விசிறி, பிறகு "வ". டைப் கற்பவர்கள், பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கத்தை மறந்து விரல்களுக்குப் புதுப் பழக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

எழுதும் கருவிக்காக மனிதன் வளைந்து கொடுப்பது புதிது அல்ல. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எங்கே புள்ளி என்பதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். அங்கே கஷ்டம் படிப்பவருக்கு.

முத்தையாவின் எந்திரத்தில் கஷ்டம் அடிப்பவருக்கு. படிப்பவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளியில் படித்த அதே தமிழ் எழுத்துத்தான் காகிதத்தில் இருக்கும். கடிதத்தை அடிப்பவர் ஒருவர், படிப்பவர் பலர். பலருக்காக ஒருவர் சிரமப்படுவது நியாயந்தானே!

ஜெர்மனியில் உருவாயிற்று

திட்டம் தயார். ஆனால் எழுத்து அச்சுக்களை யார் வார்ப்பது? அதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டும்.

1914-ல் உலகப் போர் மூண்டது. 1918-ல்தான் ஓய்ந்தது. போர் முடிந்ததும் ஜெர்மனியில் உள்ள சைடல் அண்டு நவ்மன் கம்பெனியிடம் முத்தையா தன் திட்டத்தைக் கொடுத்தார். டிரெஸ்டன் நகரத்துக் கம்பெனி அது. தையல் மெஷினில் தொடங்கி டைப்ரைட்டருக்கு வந்தது.

முதலில் செய்தது பெரிய எந்திரம். அதில் சில குறைகள் தெரிந்தன. முத்தையா அதோடு நின்றுவிடவில்லை. குறைகளை நீக்கினார். "பிஜோ" என்ற பெயரில் சிறிய எந்திரம் வந்தது. பிறகு "ஐடியல்", "எரிகா" என்ற பெயர்களிலும் தமிழ் டைப்ரைட்டர்கள் வந்தன.

அவர் வகுத்த வழியிலேயே, சில மாற்றங்களோடு, பிற்காலத் தமிழ் டைப்ரைட்டர்களும் அமைந்தன.

வேலை தந்த எந்திரம்

தமிழ் ஆட்சி மொழி ஆனதும் இந்த எந்திரத்துக்கு மதிப்பு கூடியது. ஊர் ஊராக டைப்ரைட்டிங் பள்ளிகள் தோன்றின. நாகர்கோவிலும் அதற்கு விலக்கு அல்ல.

பள்ளிப் படிப்பு முடித்த பையன்களும் பெண்களும் காலையிலும் மாலையிலும் அங்கே போனார்கள். "லோயர்" பாஸ், "ஹையர்" பாஸ் என்று சர்ட்டிபிகேட் வாங்கினார்கள். அதைக் கொண்டு சர்க்கார் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் ஏராளம். வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போன முதல் பெண்ணாக அந்தக் குடும்பத்தில் இருந்தவரும் உண்டு.

இன்று

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதில் உருளை இல்லை. நகர்வதற்கு எதுவும் இல்லை. நகரா விசைக்கும் அவசியம் இல்லை.

1999-ம் ஆண்டு சென்னையில் இணையத் தமிழ் மாநாடு நடந்தது. அதை ஒட்டி, "தமிழ் 99" என்ற புதிய விசைப்பலகையைத் தமிழக அரசு அறிவித்தது. உயிர் எழுத்துக்கள் இடது கைப்பக்கம். மெய்கள் வலது கைப்பக்கம். "வ"வைத் தட்டிவிட்டு "இ"யைத் தட்டினால் "வி" வந்துவிடும். எழுத்தைச் சேர்க்கும் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். விரல்கள் பட்ட கஷ்டத்தை எந்திரம் ஏற்றுக்கொண்டது.

ஆனாலும், டைப்ரைட்டரில் பழகியவர்கள் பலர் கம்ப்யூட்டரிலும் பழைய முறையிலேயே அடித்தார்கள். பழகிய விரல் எளிதில் மாறாது.

இப்போது கையில் செல்போன். அதில் விரலால் தமிழ் எழுதினாலும் புரிந்துகொள்கிறது. வாயால் சொன்னாலும் எழுதிவிடுகிறது. அதே போனில், "அம்மா" என்ற சொல்லை இங்கிலீஷ் எழுத்துக்களால் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். எந்திரம் இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகும், அவர்கள் தமிழை விட்டுக்கொடுக்கிறார்கள்.

நாளைக்கு இன்னும் புதிய எந்திரங்கள் வரும். எது வந்தாலும், மனிதன் எந்திரத்துக்கு வளைவதா, எந்திரம் மனிதனுக்கு வளைவதா என்ற கேள்வியும் கூடவே வரும். 46 விசைகளை முன்னால் வைத்துக்கொண்டு முத்தையா அதற்குப் பதில் கண்டார். ஒரு எழுத்தைக்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை.