வேலூர் தந்த கல்வித் தொண்டர்

திமிரி தொடங்கி ஆம்பூர் வரை பரந்துள்ள நமது பிரதேசம், தோல் தொழிலால் வெளிநாடுகளில் பெயர் பெற்றது. இங்கிருந்து கப்பலேறும் சரக்கின் கணக்கை நாம் அறிவோம். ஆனால் இதே பிரதேசம் உலகக் கல்விக்கு அளித்த ஒரு மனிதரின் கணக்கை நம்மில் அநேகர் மறந்துவிட்டனர். அவர்தாம் டாக்டர் மால்கம் ஆதிசேஷையா. அவருடைய ஜீவியத்தைத் தேசத் தொண்டர்கள் அறிந்திருப்பது அவசியம் என்பது நமது எண்ணம்.

அவர் 1910-ம் வருஷம் வேலூரில் பிறந்தார். தந்தையார் ஊரீஸ் கலாசாலையின் பிரின்ஸிபால். அமெரிக்க மிஷன் நிறுவிய அக்கலாசாலையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர். மைந்தர் அங்கேயே படித்து, பின்னர் சென்னை லயோலா கலாசாலையிலும் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றார். கல்கத்தாவில் ஆசிரியராக இருந்தார். 1940 முதல் 1946 வரை தாம்பரம் கிறிஸ்தவக் கலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கினார். 1948-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோவில் சேர்ந்தார். அங்கே படிப்படியாக உயர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை அதிகாரியாக இருந்தார்.

அந்நிய சகாயம் என்றாலே சந்தேகிப்பது நமது வழக்கம். அடிமைப்பட்டிருந்த தேசத்துக்கு அச்சந்தேகம் நியாயமானதே. ஆகையால் ஆதிசேஷையா 1950 முதல் நடத்திவந்த தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் விதிகளைக் கவனிக்க வேண்டும். ஒரு தேசத்தின் சர்க்கார் தானே கேட்டாலன்றி உதவி இல்லை. வரும் நிபுணருக்குப் பக்கத்தில் உள்நாட்டவர் ஒருவர் நின்று வேலையைக் கற்க வேண்டும். உள்நாட்டுச் செலவில் பெரும் பங்கைக் கேட்ட சர்க்காரே ஏற்க வேண்டும். நிபுணர் திரும்பிப் போன பிறகும் வேலை நிற்காமல் நடந்தால்தான் உதவி பலித்தது என்று பொருள். இது தானமன்று, கூட்டு முயற்சி.

பம்பாயை அடுத்த போவாயில் 1958-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கழகம் இதற்கு உதாரணம். யுனெஸ்கோ மூலமாக சோவியத் தேசம் இயந்திரங்களையும் 59 நிபுணர்களையும் அளித்தது. நமது ஆசிரியர்களில் 27 பேர் அங்கு சென்று பயிற்சி பெற உபகாரச் சம்பளம் கிடைத்தது. கட்டடச் செலவையும் வருஷாந்தரச் செலவையும் இந்திய சர்க்கார் ஏற்றது. 1973-ல் அந்த உதவி முடிவடைந்தது. கழகமோ நின்றுவிடவில்லை, வளர்ந்தது.

ஆனால் சர்க்கார்கள் ஒப்பமிட்ட யாவும் இவ்விதம் நிறைவேறவில்லை. 1960-ம் வருஷத் தொடக்கத்தில் கராச்சியில் ஆசிய தேசங்களின் பிரதிநிதிகள் கூடி, 1980-க்குள் குழந்தைகள் அனைவருக்கும் ஏழு வருஷ இலவசக் கட்டாயக் கல்வி அளிப்பதென்று திட்டம் வகுத்தனர். நமது அரசியல் சட்டமோ 1960-ஐயே கெடுவாகக் குறித்திருந்தது. இரண்டு கெடுக்களும் கடந்தன. கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010-ல்தான் அமலுக்கு வந்தது. இடைக்காலத்தில் தோல் கிடங்குகளுக்கும் பீடி சுற்றவும் அனுப்பப்பட்ட நமது பிள்ளைகளுக்கு யார் ஈடு செய்வது? சபைகளில் நிறைவேறும் தீர்மானம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தை எட்டாவிடில் அது வெறும் காகிதமே.

இந்த உண்மையை ஆதிசேஷையா செயலில் உணர்த்தினார் என்றே நாம் கருதுகிறோம். உலகப் பதவியை விட்டுத் தாயகம் திரும்பிய அவர், 1971-ல் சென்னை அடையாற்றில் வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1977-ல் மத்திய, மாகாண சர்க்கார்களின் ஆதரவுடன் அது தேசிய ஸ்தாபனமாயிற்று. 1975 முதல் 1978 வரை அவர் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர். பின்னர் ராஜ்யசபையின் நியமன அங்கத்தினர். மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வி பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமை வகித்து 1978-ல் அறிக்கை அளித்தார். கையின் தொழிலையும் ஏட்டின் படிப்பையும் பிரித்து வைத்துள்ள நமது தேசத்தில் இவ்விஷயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. 1994 நவம்பரில் அவர் காலமானார்.

இப்பெரியாருக்குச் சிலை வைப்பதைவிட மேலான காரியம் நம் கையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும். திமிரியிலாகட்டும், ஆம்பூரிலாகட்டும், அக்குழுக்கள் கூடுகின்றனவா? கூலிக்குச் செல்லும் தாயின் குரல் அங்கே கேட்கிறதா? வரும் பணத்தின் கணக்கு அவள் முன் வைக்கப்படுகிறதா? தொண்டர்கள் இதை நேரில் சென்று விசாரிக்க வேண்டும். உலகம் உதவலாம், சர்க்கார் செலவிடலாம். ஊரார் விழித்திராவிட்டால் இரண்டும் வீணே.